சேற்றில் இறக்கிய டாங்கி

என் வயசுக்காரர்கள் மட்டும் கொஞ்சம் கிட்டே வாருங்கள். முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டே கேட்டாலும் சரிதான். இளையவர்களிடம் இதைச் சொன்னால் போட்டோ இருக்கிறதா என்று கேட்பார்கள். போட்டோ இல்லை. நான் இருக்கிறேன். அதிலும் பாதிப் பல் இல்லை.

போன மாதம் சென்னையில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். மருமகன் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் போர்க்களம் வைத்திருந்தார். உள்ளங்கை அகலத்தில் ஒரு டாங்கி. ஒரு பக்கத்துச் சங்கிலி அறுந்து, மேல்மூடி திறந்து, பீரங்கிக் குழாய் தரையைப் பார்த்துக் கவிழ்ந்து, பார்த்தாலே பாவமாக இருந்தது. துண்டு துண்டாகப் பெட்டியில் வாங்கி, இடுக்கியால் பிடித்து ஒட்டி, மெல்லிய தூரிகையால் துரு பூசியிருக்கிறார். துரு பூச மட்டும் இரண்டு மாதம் ஆனதாம். எங்கள் ஊரில் புது சைக்கிளை வாசலில் நிறுத்தி வைத்தால் போதும், உப்புக்காற்று அந்த வேலையைத் தானே முடித்துக் கொடுத்துவிடும் என்றேன். மருமகன் மரியாதைக்குச் சிரித்தார். நானும் பதினோரு வயதில் ஒரு உடைந்த டாங்கி கட்டி முதல் பரிசு வாங்கியவன்தான் என்று சொன்னேன். சமையலறையிலிருந்து மகள் எட்டிப் பார்த்து, அப்பா ஆரம்பித்துவிட்டார் என்று அறிவித்தாள். அங்கே என்னை முடிக்க விடவில்லை. அதனால் உங்களிடம் வந்திருக்கிறேன்.

ஏரிக்கரையில் எங்கள் குப்பம். பழவேற்காட்டுப் பள்ளிக்கூடத்துக்குத் தினமும் படகில் போய் வருவோம். நான் சொல்வது ஒரு மார்கழி. அடைமழை ஓய்ந்திருந்தது. முகத்துவாரம் அகலமாகத் திறந்து, கடல் ஏரிக்குள் வந்து போய்க்கொண்டிருந்தது. இறாலுக்கு நல்ல பருவம். அந்த வருடம் நாட்டில் சண்டை. ஊரில் இருந்த ஒரே ரேடியோ ஊர்த் தலைவர் வீட்டில் இருந்தது. செய்தி நேரத்துக்கு ஆண்கள் எல்லாம் அங்கே கூடி, எல்லைக் கோட்டைத் தாங்களே போய் நட்டுவிட்டு வந்தவர்கள் போலப் பேசுவார்கள். ரேடியோவில் ‘டாங்கி’ என்ற சொல் வரும்போதெல்லாம் எல்லோரும் தலையாட்டுவார்கள். ஒருவர்கூட டாங்கியைப் பார்த்ததில்லை என்பது தலையாட்டுவதிலேயே தெரியும்.

பள்ளிக்கூடத்தில் கண்காட்சி வைத்தார்கள். தலைப்பு, நாட்டுப் பாதுகாப்பு. ஒவ்வொரு ஊர்ப் பிள்ளைகளும் சேர்ந்து ஒரு மாதிரி செய்துகொண்டு வரவேண்டும் என்று ஓவிய வாத்தியார் சொன்னார். எங்கள் ஊர் சார்பில் நானும் என் பெரியம்மா மகனும். அவன் என்னைவிட இரண்டு வயது மூத்தவன். ஆறாம் வகுப்பின் மீது கொண்ட பாசத்தால் அங்கேயே தங்கி எனக்காகக் காத்திருந்தவன். மற்ற ஊர்க்காரர்கள் காகிதத்தில் கப்பல் செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், நாம் டாங்கி செய்வோம் என்று நான்தான் சொன்னேன். அந்த வயதிலேயே எனக்குத் தெரியாத விஷயங்களில் எனக்கு அபார தைரியம்.

விவரம் கேட்க பட்டாளத்து மாமாவிடம் போனோம். அவர் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். என்ன வேலை பார்த்தார் என்று யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. பின்னாளில்தான் தெரிந்தது, சமையல். அவர் டாங்கியை வர்ணித்தபோதே நாங்கள் கண்டுபிடித்திருக்க வேண்டும். கீழே அகலமான பாத்திரம், மேலே கவிழ்த்து வைத்த மூடி, மூடியில் ஒரு கரண்டிப் பிடி போலக் குழாய், உள்ளே நாலு பேர் வேகலாம் என்றார். டாங்கிக்குச் சக்கரத்தைச் சுற்றிச் சங்கிலி உண்டு என்பதை மட்டும் சொல்ல மறந்துவிட்டார். அதனால் எங்கள் டாங்கிக்கு வெறும் சக்கரம்தான். பக்கத்துக்கு ஆறு.

அடிப்பாகத்துக்குக் கட்டுமரத்தில் ஒடிந்த துண்டு ஒன்று கிடைத்தது. கடல் குடித்துக் குடித்துக் கனத்துப்போன கட்டை. மேல்மூடிக்குக் கொட்டாங்கச்சி. பீரங்கிக்குப் பப்பாளி இலைக்காம்பு. புளியங்கொட்டையை வேகவைத்து அரைத்த பசை. சுறா எண்ணெய் கலந்து படகுக்குப் பூசி மிச்சமிருந்த தாரை எடுத்து டாங்கி முழுவதும் பூசினோம். எங்கள் மேலும் பூசிக்கொண்டோம். அந்தத் தார் வாசனையோடு சுறா எண்ணெய் வாசனையும் சேர்ந்து ஒரு மாதம் என் தலையணையில் இருந்தது. அம்மா என்னைத் தொட்டுவிட்டுக் கையை மோந்து பார்ப்பாள்.

போர்வீரர்களுக்கு, சங்குக்குள் குடியிருக்கும் சின்ன நண்டுகளைப் பிடித்து வரிசையாக நிறுத்திப் பார்த்தோம். சங்கு மேல் சுண்ணாம்பால் எண்கூட எழுதினேன். நாங்கள் சோறு சாப்பிட்டுத் திரும்புவதற்குள் மொத்தப் படையும் களத்தைவிட்டு ஓடிவிட்டது. ஒருத்தன் மட்டும் பசையில் மாட்டிக்கொண்டு நின்றான். அவனுக்குப் பெரியம்மா மகன் வணக்கம் வைத்து விடுதலை கொடுத்தான்.

கடைசியாக, டாங்கியின் பின்பக்கத்தில் ஒரு நங்கூரம் கட்டினோம். வளைத்த ஆணி, ஒரு முழம் கயிறு. நங்கூரம் வேண்டுமா என்ற கேள்வியே எங்களுக்கு எழவில்லை. ஒரு வண்டியைக் கட்டிப் போடாமல் விட்டுவிட்டு வீட்டுக்குப் போகிற மனிதனை நாங்கள் பார்த்ததே இல்லை.

சக்கரம்தான் கிடைக்கவில்லை. சோடா மூடி கனம் போதவில்லை. களிமண் உருண்டை உடைந்தது. அப்போதுதான் வலைக் கொட்டகையின் மூலையில், சாக்கு போட்டு மூடியிருந்த எங்கள் வலையைப் பார்த்தேன். வலையின் அடிக்கயிற்றில் வரிசையாக ஈயக்குண்டுகள். வலையின் அடி தரையில் படிந்து நிற்பதற்காகக் கட்டியவை. ஒவ்வொன்றும் பெரிய இலந்தைப்பழம் அளவு, நடுவில் ஓட்டை. அச்சுக்கென்றே ஆண்டவன் துளை போட்டு அனுப்பியது மாதிரி இருந்தது. நைனா, அதாவது எங்கள் அப்பா, அந்த வலையைப் பல நாளாகத் தொடவில்லை. பழைய வலை என்று நானே முடிவு செய்துகொண்டேன். கத்தியால் நூலை அறுத்துப் பன்னிரண்டு குண்டு எடுத்தேன். புத்திசாலித்தனமாக இங்கொன்றும் அங்கொன்றுமாக எடுக்கலாம் என்றுதான் ஆரம்பித்தேன். சோம்பேறித்தனத்தால் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் எடுத்து முடித்தேன். கண்காட்சி முடிந்ததும் திரும்பக் கட்டிவிடுவதாக எனக்கு நானே வாக்குக் கொடுத்தேன். மணல் போட்டுத் தேய்த்ததும் குண்டுகள் வெள்ளிபோலப் பளபளத்தன. டாங்கியைத் தள்ளினால் கடகடவென்று ஓடியது. அந்தச் சத்தத்தைக் கேட்டபோது எனக்கு வந்த பெருமை, பிறகு கல்யாணத்தில்கூட வரவில்லை. என் மனைவி இதைப் படிக்கமாட்டாள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

அந்த வலை பழைய வலை இல்லை. நல்ல நாளுக்கென்று நைனா எடுத்து வைத்திருந்த வலை.

ஏரிக்காரர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குச் சொல்கிறேன். நன்றாக இறால் விழும் இடங்களில் நினைத்தவன் நினைத்த நாளில் வலை போட முடியாது. குலுக்கிப் போட்டு, இன்றைக்கு இந்தக் குடும்பம், நாளைக்கு அந்தக் குடும்பம் என்று முறை வைப்பார்கள். அதற்குப் பாடு என்று பெயர். நம் பாடு வருகிற நாள் வீணானால், சுற்றி முடித்து மறுபடி வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். கண்காட்சிக்கு இரண்டு நாள் முன்பு எங்கள் பாடு வந்தது. அம்மா விடியற்காலையில் குளித்து விளக்கேற்றினாள். நைனா இருட்டோடு அந்த வலையை எடுத்துக்கொண்டு போனார்.

வலையின் ஒரு பக்கம் தரையில் படியாமல் மேலே மிதந்திருக்கிறது. அந்த ஓட்டை வழியாக இறால் எல்லாம் கல்யாணக் கூட்டம் மாதிரி வெளியே போய்விட்டது. நைனா கொண்டுவந்தது கொஞ்சம் பாசியும், கோபத்தில் உப்பிப்போன ஒரு பேத்தை மீனும். இரண்டு முகமும் ஒரே மாதிரி இருந்தன. சிரிக்கிற தைரியம் எனக்கு இல்லை.

நூல் கத்தியால் அறுபட்டிருந்தது. ஆகவே திருட்டு. யார் என்று ஊர் கேட்டது. ஊரே பதிலும் சொன்னது.

எங்கள் கரைப்பக்கம் கையாலேயே இறால் பிடிக்கும் குடும்பங்கள் உண்டு. வலையும் இல்லை, படகும் இல்லை. தண்ணீரில் குனிந்து சேற்றைத் தடவித் தடவிப் பிடிப்பார்கள். தோளில் இறால் போட்டுக்கொள்ள ஒரு பனையோலைப் பறி, அவ்வளவுதான் ஆஸ்தி. அவர்களில் ஒரு அக்கா இறாலைக் கொண்டுபோக எங்கள் கொட்டகை ஓரமாகத்தான் நடந்து போவாள். அதுதான் முதல் சாட்சி. இரண்டாவது சாட்சி, அவளுடைய சின்னப் பிள்ளை அந்த வாரம் பேரீச்சம்பழம் தின்றுகொண்டிருந்ததை யாரோ பார்த்தது. பழைய ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம் கொடுக்கிற சைக்கிள்காரர் அந்தப் பக்கம் வந்து போயிருந்தார். ஈயம் காணோம், பிள்ளை வாயில் பழம். முடிந்தது விசாரணை. ஓட்டை விழுந்த அலுமினியச் சட்டியைப் போட்டுப் பழம் வாங்கினேன் என்று அவள் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. அவளிடம் கத்தியே கிடையாது என்பதை யோசிக்க ஊரில் ஒருவருக்கும் நேரமில்லை.

பதினாறு ஈயம் போச்சு என்று நைனா ஊர்த் தலைவரிடம் முறையிட்டார். பன்னிரண்டு எப்போது பதினாறு ஆனது? வாயைத் திறந்து திருத்தவும் முடியாது. தலைவர் அன்று மாலையே ஆள் அனுப்பி அந்தக் குடும்பங்களின் பறிகளை எல்லாம் வாங்கிவந்து கொட்டகைச் சுவரில் மாட்டினார். நாலாம் நாள் ஊர்க் கூட்டம். அதற்குள் ஈயம் வரவேண்டும். வராவிட்டால் அந்தப் பருவம் முழுவதும் எங்கள் பக்கத்துத் தண்ணீரில் அவர்கள் கால் வைக்கக்கூடாது. பறி இல்லாவிட்டால் அவர்களுக்கு வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் அன்றைக்கு உலை இல்லை. இது எனக்கு இன்று தெரிகிற அளவுக்கு அன்றும் தெரிந்தது. பதினோரு வயதுக்கு ஒன்றும் தெரியாது என்பது பெரியவர்கள் தங்கள் வசதிக்குக் கட்டிவிட்ட கதை.

தெரிந்து என்ன செய்தேன்? சேறு எடுக்கப் போனேன்.

பெரியம்மா மகன் என்னைப் பார்த்தான். டாங்கியின் சக்கரத்தைப் பார்த்தான். மறுபடி என்னைப் பார்த்தான். வாத்தியார்கள் நினைத்ததைவிட அவன் கெட்டிக்காரன். வாயை மூடிக்கொண்டிருக்க அவன் கேட்ட விலை, கண்காட்சியில் விளக்கம் சொல்லும் வேலை தனக்கு வேண்டும் என்பது. கொடுத்தேன். பிறகு ஒரு பெரிய மரத்தட்டில் ஏரிச்சேற்றைக் கொட்டி, முட்டை அழுகின வாசனை வீசுகிற அந்தக் கறுப்புச் சேற்றில், டாங்கியைச் சக்கரம் தெரியாத ஆழத்துக்கு ஒரு பக்கமாகச் சாய்த்து அழுத்தினேன். வெற்றி நடை போட வேண்டிய டாங்கி அரை நிமிஷத்தில் தோற்றுப்போனது. பப்பாளிக் காம்பும் அதற்குள் வாடித் தலை தொங்கியிருந்தது. எதிரியின் டாங்கி என்று பெயரை மாற்றி எழுதினோம்.

ஐயா, அம்மா, சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு நிஜமான ஒரு நாசத்தை நான் பிறகு எங்கும் பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்தில் காகிதக் கப்பல்கள் காற்றில் படபடத்துக்கொண்டிருக்க, எங்கள் மேசையைச் சுற்றி மட்டும் கூட்டம். சேற்றில் புதைந்து, தார் பூசி, குழாய் தொங்கி, நாறிக்கொண்டு கிடந்தது டாங்கி. பொன்னேரியிலிருந்து பரிசு கொடுக்க வந்த அதிகாரி மூக்கில் கைக்குட்டை வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு டாங்கிக்கு எதற்கு நங்கூரம் என்று கேட்டார்.

பெரியம்மா மகன் விறைப்பாக நின்று சொன்னான்.

“நிறுத்தி வெச்சா காத்துக்கு நவுந்துடும் சார். இவங்கோ நங்கூரம் போட்டும் சேத்துல சிக்கிக்கினாங்கோ.”

அதிகாரி ஓவிய வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியாரும் ஏரிக்கரைக்காரர்தான். அவர் இதில் என்ன தப்பு என்கிற முகத்தோடு நின்றார். முதல் பரிசு எங்களுக்கு. ஆளுக்கு ஒரு எவர்சில்வர் டம்ளர்.

பரிசு வாங்கியவன் கவலை பரிசு வாங்கியவனுக்குத்தான் தெரியும். டாங்கியை வீட்டுக்குக் கொண்டுபோய், ஈயத்தைக் கழற்றி, வலைக் கொட்டகையில் எங்கேயாவது கண்டெடுத்தது மாதிரி கண்டெடுத்துவிடலாம் என்பது என் திட்டம். ஊர்த் தலைவர் படகுத்துறையிலேயே காத்திருந்தார். ஊருக்கு வந்த முதல் பரிசு ஊர்ப் பொதுவில்தான் இருக்கவேண்டும் என்று சொல்லி, இரண்டு ஆட்களை வைத்துத் தட்டோடு தூக்கிக்கொண்டுபோய் வலைக் கொட்டகையின் நடுவில் மேடை போட்டு வைத்துவிட்டார். எதிர்ச்சுவரில் அந்தப் பறிகள் தொங்கிக்கொண்டிருந்தன. நைனாவுக்கும் அன்றைக்குக் கொஞ்சம் முகம் தெளிந்திருந்தது. வருகிறவர் போகிறவரிடம் எல்லாம், எம் பையன் கட்டினது என்று சொல்லிக்கொண்டே, தன் ஈயத்துக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்து ஈயம் போன கதையைச் சொன்னார்.

அடுத்த நாள் வெயில் அடித்தது. சேறு காய்ந்தால் வெடிக்கும், வெடித்தால் உதிரும், உதிர்ந்தால் நான் தீர்ந்தேன். ஆகவே பரிசு டம்ளரில் தண்ணீர் மொண்டு மொண்டு வந்து ஊற்றினேன். தொழில்னா இப்படி இருக்கணும், பார் அந்தப் பையன் எவ்வளவு அக்கறையா பாத்துக்கிறான் என்று பெரியவர்கள் தங்கள் பிள்ளைகளைத் திட்டினார்கள். அந்த ஊரில் என்னை உதாரணம் காட்டியது அந்த ஒரு நாள்தான்.

மத்தியானம் கொட்டகையில் யாரும் இல்லாத நேரம் அந்த அக்கா வந்தாள். பறியைக் கேட்கத் தலைவரைத் தேடி வந்திருக்கிறாள். தலைவர் இல்லை. நான் டம்ளரும் கையுமாக நின்றேன்.

“இது இன்னா தம்பி, செடியா? தண்ணி ஊத்திக்கினு கீற.”

சேறு காய்ந்தால் வெடித்துவிடும் என்று சொன்னேன்.

அவள் டாங்கிக்கு எதிரே குந்தினாள். நாறும் சேற்றைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. மூன்று நாளாக வேலை இல்லாத கை. கேட்காமலே அது சேற்றுக்குள் இறங்கிவிட்டது. சத்தமே இல்லை. சேற்றைத் தடவுகிறவர்கள் கையைப் பார்க்கமாட்டார்கள். அவளும் கதவு வழியாக ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரல்கள் உள்ளே நடப்பது மேல்சேற்றின் அசைவில் தெரிந்தது. நின்றது. கொஞ்சம் நகர்ந்து மறுபடி நின்றது. ஆறு தடவை நின்றது. நான் எண்ணினேன்.

“சேத்துக்குள்ள இன்னா கீதுன்னு எங் கைக்குத் தெரியாதா, தம்பி?”

நான் அழுதேன் என்று சொன்னால் கதைக்கு நன்றாக இருக்கும். அழவில்லை. டம்ளரில் மிச்சமிருந்த தண்ணீரைக் குடித்தேன். ஏரித் தண்ணீர். உப்பு.

எடுத்துப் போய் எல்லோரிடமும் காட்டுவாள் என்று நினைத்தேன். காட்டவில்லை. அவள் எடுத்திருந்தால், அவளே திருடி, அவளே கொண்டுவந்து புதைத்தாள் என்று இந்த ஊர் சொல்லியிருக்கும். எனக்கு அது புரிய முப்பது வருஷம் ஆனது. அவளுக்கு ஒரு கணம்கூட ஆகவில்லை. கையை வெளியே எடுத்து, விழுந்த குழிகளைத் தட்டி, நான் பூசியிருந்ததைவிட வழவழப்பாகப் பூசிவிட்டாள்.

“நாளைக்கிக் கூட்டம். நான் சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டாங்கோ. நீ சொன்னா நம்புவாங்கோ.”

அவ்வளவுதான். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போயிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மறுநாள் படகுகள் கரை ஏறிய பிறகு கொட்டகையில் ஊர் கூடியது. அந்த அக்காவும் அவள் பக்கத்து ஆட்கள் நாலைந்து பேரும் வாசலுக்கு வெளியே நின்றார்கள். உள்ளே வரச்சொல்லி யாரும் கூப்பிடவில்லை. அவர்களும் வரவில்லை. பேரீச்சம்பழத்தைப் பற்றி ஒருவர் பேசினார். பாடு வீணான நஷ்டத்தைப் பற்றி இன்னொருவர் பேசினார். நான் மனசுக்குள் ஒரு நல்ல பேச்சைத் தயார் செய்து வைத்திருந்தேன். தாய்நாட்டில் ஆரம்பித்து, கலை ஆர்வத்தில் புகுந்து, மன்னிப்பில் முடியும் பேச்சு. பரிசு வாங்கியவனுக்கு ஏற்ற மாதிரி இருந்தது. நைனா எழுந்து நின்று, பதினாறு ஈயம் தலைவரே, பதினாறு என்று மறுபடி சொன்னார்.

என் வாயிலிருந்து தாய்நாடு வரவில்லை.

“பதினாறு இல்ல நைனா. பன்னெண்டுதான்.”

கொட்டகை திரும்பிப் பார்த்தது. நான் போய்க் கொட்டாங்கச்சியைப் பிடித்து டாங்கியைத் தூக்கினேன். சேறு பொளக்கென்று விட்டது. அடியில் ஆறும் ஆறுமாக ஈயக்குண்டுகள். நங்கூரம் கயிற்றோடு தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. யாரும் ஒன்றும் கேட்பதற்கு முன்னால் பெரியம்மா மகன், எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டான். கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வதில்தான் அவனுக்கு ஆறாம் வகுப்பு இரண்டு முறை போனது.

நைனா என்னைப் பார்த்தார். ஈயத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். என்னைவிட அவருக்குத்தான் அப்போது அவமானம் அதிகம். நான் திருடியதற்கு அல்ல. கூட்டிச் சொன்ன அந்த நாலு குண்டுக்கு.

முதலில் சிரித்தவர் ஊர்த் தலைவர். சிறுபிள்ளை விளையாட்டு என்றார். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் கரையேறினார்கள். விளையாட்டுத்தான், விளையாட்டுத்தான், பையனுக்கு மூளையைப் பார், ஈயத்தைப் போய்ச் சக்கரம் ஆக்கியிருக்கிறான் என்று ஒரே சிரிப்பு. என் முதுகில் ஒருவர் தட்டினார். நானும் சிரிக்க ஆரம்பித்தேன். அது இப்போதும் என்னிடம் இருக்கிற வியாதி. நாலு பேர் சிரித்தால் எதற்கென்று பார்க்காமல் ஐந்தாவதாகச் சேர்ந்துகொள்வேன்.

வாசலிலிருந்து அந்த அக்கா பேசினாள். சத்தமாக இல்லை.

“எம் புள்ள பழம் துன்னா திருட்டு. உங்க புள்ள ஈயத்த அறுத்தா வெளாட்டு. அப்டித்தான தலவரே?”

சிரிப்பு நின்றது. தலைவர் சுவரைப் பார்த்தார். பிறகு தானே எழுந்து போய் ஒவ்வொரு பறியாகக் கழற்றினார். ஒருவரும் தப்பு என்ற சொல்லைச் சொல்லவில்லை. எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்குப் பாடு வருவதே அபூர்வம். நைனாதான் கடைசியில் வாசல்வரை போனார். அவளுக்கு நேராக நிற்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் நின்று கேட்டார்.

“இன்னா வோணும்னு கேளுமே. குட்த்துடறேன்.”

அரிசியோ வேறு எதுவோ கேட்பாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். நைனா தயாராகத்தான் இருந்தார்.

“நாலு நாளா எங் கை சும்மா கெடந்துச்சு. அதுக்குக் கைதான் வோணும். நாளைக்கி இவன அனுப்பு.”

நைனா என்னைத் திரும்பிப் பார்த்தார். முதல் பரிசு வாங்கிய கை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சரி என்று தலையாட்டினார். அன்று மாலை அவர் அந்தப் பன்னிரண்டு குண்டையும் கழற்றி வலையில் கட்டினார். நான் நூல் எடுத்துக் கொடுத்தேன். அடிக்கவே இல்லை. அடித்திருந்தால் இந்தக் கதை எனக்கு எப்போதோ மறந்திருக்கும்.

மறுநாள் விடிந்ததும் போனேன். அவளுக்கு இடுப்பளவு தண்ணீர், எனக்கு நெஞ்சளவு. மார்கழித் தண்ணீர், பல் அடித்துக்கொண்டது. அடித்துக்கொள்ளவும் விடவில்லை அவள். பறியின் வாயில் கட்டியிருந்த கயிற்றை எடுத்து என் பல்லிடுக்கில் வைத்துக் கடித்துக்கொள் என்றாள். இரண்டு கையும் சேற்றில் இருக்கவேண்டுமே, பறியைப் பிடிக்க வேறு கை ஏது? பறி நெஞ்சுக்கு முன்னால் மிதக்கும். பிடித்த இறாலை அதில் போடவேண்டும். வாயைத் திறந்தால் பறி கவிழும், இறால் போகும். ஊறின பனையோலையின் கசப்பு நாக்கில் இறங்கியது. சின்ன வயசிலிருந்து ஒரு நிமிஷம் சும்மா இருக்காத வாய் என்னுடையது. அன்றைக்கு அதற்குப் பூட்டு.

கொட்டகையில் அவ்வளவு அழகாக நடந்த வேலை என் விரலுக்கு வரவே இல்லை. தொட்டதெல்லாம் கிளிஞ்சல், வேர், பழைய செருப்பு. இறால் என் கையை ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு, இவன் ஆள் இல்லை என்று போய்க்கொண்டிருந்தது. அவளோ பக்கத்தில் தூரத்தைப் பார்த்தபடியே ஒன்றொன்றாக எடுத்துத் தன் பறியிலும் என் பறியிலும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே வந்தாள். வெயில் ஏறுவதற்குள் என் பறி பாதி நிறைந்திருந்தது. அதில் நான் பிடித்தது விரல் விட்டு எண்ணக்கூடியது. ஒரு கை விரலே மிச்சம்.

அப்போதுதான் ஏதோ பெரியதாகக் கையில் தட்டியது. இதோ என் இறால் என்று ஆசையாகப் பிடித்தேன். அது என்னைப் பிடித்தது. நண்டு. ஆள்காட்டி விரலைக் கொடுக்கால் கவ்விக்கொண்டு விடவே இல்லை. உயிர் போகிற வலி. கத்த வேண்டும். கத்தினால் பறி கவிழும், காலையெல்லாம் அவள் பிடித்த இறால் ஏரிக்குப் போகும். கண்ணை உருட்டினேன், மூக்கால் முனகினேன், தண்ணீரில் குதித்தேன். அவள் பார்த்தாள். நிதானமாகத்தான் நடந்து வந்தாள். என் கையைத் தூக்கி நண்டைப் பார்த்தாள், பிறகு பல்லிடுக்கில் இருந்த கயிற்றைப் பார்த்தாள்.

“நாலு நாளு மூடிக்கினு இருந்த வாயாச்சே. இன்னும் செத்த நேரம் மூட மாட்டியா?”

மூடிக்கொண்டிருந்தேன்.